மெஷின் சத்தத்துக்கு அடியில்

பிப்ரவரி 3

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நாம் பேசி மூன்று வருஷம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கடைசியாகப் பேசியபோது என் குரல் ஏறியது, உன் குரல் அதற்கு மேல் ஏறியது, நடுவில் அம்மா "யாரு அங்க சண்டை போடறது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஒரு சின்னக் கேள்வி. அம்மாவின் தையல் மெஷினில் மிதிபலகை தளர்ந்து ஆடுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஐயாவின் நூற்றாண்டு விழாவுக்காக அவருடைய பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்யும் வேலை எங்கள் ஒலிக்காப்பகத்துக்கு வந்திருக்கிறது. என்னிடமே கொடுத்துவிட்டார்கள். விடுதலைக்கு முன்னால், அரசாங்கம் அவரை அவர் வீட்டுக்குள்ளேயே காவலில் வைத்திருந்தபோது, முன்னறையில் உட்கார்ந்து ரகசியமாகப் பேசிப் பதிவு செய்தாரே, அந்தப் பேச்சுகள். அம்மா தைத்த துணிகளின் உள்மடிப்பில் ஒளிந்து வெளியே போன நாடாக்கள். தொடுவதற்கு முன் கையை இரண்டு தரம் கழுவிக்கொண்டேன்.

விழாக் கமிட்டியின் உத்தரவு தெளிவாக இருக்கிறது. இரைச்சல் எல்லாம் போக வேண்டும். பின்னால் ஓடும் அம்மாவின் தையல் மெஷின் சத்தம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். "நான் பேசுகிறேன் என்பதற்காக என் வீட்டில் உழைப்பு நிற்காது" என்று ஐயா சொன்னதாகப் பள்ளிப் பாடத்தில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் அந்த வரியை வாசிக்கும்போது வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். மெஷின்காரம்மா பொண்ணு. எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படாது.

இப்போது ஹெட்போனில் கேட்கும்போது, மெஷின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறது. மரத்தில் எதுவோ இடிப்பதுபோல. பலகை ஆடினால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தரம் இடிக்கும். இது விட்டு விட்டு வருகிறது. மெஷினின் சத்தம் என்றால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். அதற்காகத்தான் கேட்கிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நீ சொல்வாய். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

உன் தங்கை

*

பிப்ரவரி 11

குட்டி,

கிழிக்கல. ரெண்டு நாள் டிவி மேல வெச்சிருந்து, அப்புறம்தான் பிரிச்சேன்.

மூணு வருஷம் கழிச்சு எழுதறவ, அம்மாவைத்தான் முதல்ல கேட்பேன்னு பார்த்தா, மிதிபலகை ஆடுமான்னு கேட்கற. நல்லா இரு. ஆடாது. அந்த மெஷின் இப்ப நினைவில்லமா ஆகிட்ட ஐயா வீட்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அங்க தையல் வகுப்பு எடுக்கறதோட, அதுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கறதும் நான்தான். ஒரு ஆணி தளரவிட்டதில்ல. அம்மா தைச்ச காலத்துலயும் அப்படித்தான். அவ மெஷின்ல யாரும் குறை சொன்னதில்ல. முதல் ஆளா நீ சொல்லாத.

நீ கேட்டதுக்கு பதில் சொல்லியாச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. விழாவுல அம்மாவை மேடை ஏத்தறாங்க. மெஷினைப் பெட்டியிலேர்ந்து வெளிய எடுத்து வெச்சு, பின்னாடி விரலைத் தூக்கின ஐயாவோட பெரிய படம். நாலு ரோடு கூடற இடத்துல எல்லாம் சிலையா நிக்குமே, "மனசாட்சியைக் கேள்"னு ஒத்தை விரலைத் தூக்கிக்கிட்டு, அதே படம். ஐயா குரல் ஓட, அம்மா மிதிக்கணும். அது முடிஞ்சதும் நாங்க இருக்கற இந்த வீட்டை அம்மா பேருக்கு எழுதிக் கொடுக்கறதா கமிட்டி செயலாளர் சொல்லியிருக்கார். இத்தனை வருஷமா ஐயா ட்ரஸ்ட் வீடு, ட்ரஸ்ட் வீடுன்னு ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக்கிட்டிருந்தேன். இனி என் இஷ்டத்துக்கு அடிப்பேன்.

அம்மாவைக் கேட்டியே. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நினைவுதான் வர்றதும் போறதுமா இருக்கு. என்னை ஒரு நேரம் அக்காங்கறா, ஒரு நேரம் நர்ஸுங்கறா. மகள்னு மட்டும் சொல்லிடமாட்டா. இதுல ஒரு கூத்து கேளு. வாசக்கதவை யாராவது தட்டினா திறக்கப் போகமாட்டா. நேரா என் மெஷினுக்குப் போய் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பிச்சுடுவா. துணி கிடையாது, நூல் கிடையாது. தட்டற சத்தம் நிக்கற வரைக்கும் மிதி மிதின்னு மிதிப்பா. சிலிண்டர்காரன் ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டான். "என்னக்கா, உங்க வீட்ல ஓயாம தையல் ஓடுது, நல்ல வருமானம் போல"ங்கறான். சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

விழாவுக்கு வருவியா? வரவேண்டாம்னு சொல்லல.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

சிலிண்டர்காரர் கதை வந்த பக்கத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் செய்யும் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். பேச்சு தொடங்கும் முன் யாரும் பேசாத ஒரு துண்டு நாடா இருக்கும். அதை எடுத்துக் கணினிக்குக் காட்டி, "இதுதான் இரைச்சல். இதைப்போல் இருப்பதையெல்லாம் எடுத்துவிடு" என்போம். அது அப்படியே வழித்து எடுத்துவிடும். அதற்கு ஒரு சுத்தமான இரைச்சல் துண்டு வேண்டும். எத்தனையோ நாடாக்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று அந்த வீட்டில் கிடைக்கவில்லை. ஐயா தொண்டையைச் செருமுவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடுகிறது.

மெஷின் சத்தத்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கேட்டேன். அக்கா, அது தட்டும் சத்தம். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுகிறார்கள். ஆணியோ பலகையோ இல்லை, கை.

இன்னும் இரண்டு விஷயம். மெஷின் எப்போதும் தட்டலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. தட்டல் நின்று கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்கிறது. பிறகு, அந்த மெஷின் எதையும் தைக்கவில்லை. நீயும் நானும் மெஷினுக்குக் கீழே படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். துணியோடு ஓடும்போது அதற்குக் கனமான ஒரு குரல் இருக்கும், வெறுமனே ஓடினால் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் கடகடக்கும். இந்த நாடாக்களில் இருப்பது வெறும் ஓட்டம். எல்லாவற்றிலும்.

அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்று நீயே சொல். விடுதலை வரும்வரை பேசமாட்டேன், அறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று விரதம் எடுத்த ஐயாவின் மனைவி, அம்மையார். விடுதலைக்குப் பிறகும் மௌனமே பழகிவிட்டது என்று சாகும்வரை அந்த உள்ளறையிலேயே இருந்தவர். பள்ளிக்கூட வாசலில் எழுதி வைத்திருப்பார்களே, ஐயாவின் பேச்சிலேயே புகழ்பெற்ற வரி: "என் வீட்டில் ஒருத்தி தன் குரலையே கொடுத்துவிட்டாள். நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?" அந்த வரியில்தான் தட்டல் மிக அதிகம். 'ஒருத்தி' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தொடங்குகிறது.

அம்மாவிடம் கேட்கச் சொல்லி உன்னைக் கஷ்டப்படுத்தமாட்டேன். ஆனால் அவள் உன் வீட்டில் தினமும் உன்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கை

*

பிப்ரவரி 27

நீ விடுதலைக்கு அப்புறம் பிறந்தவ. உனக்கு எல்லாமே சும்மா கிடைச்சுது. அதனால சும்மா பேசற.

நான் அந்த வீட்ல இருந்தவ. ஆறு வயசுல அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, வாசல்ல துப்பாக்கி வெச்சுக்கிட்டு நிக்கறவங்களைத் தாண்டி உள்ள போவேன். அம்மா காலடியில உட்கார்ந்து துண்டுத்துணி பொறுக்குவேன். ஒரு நாள் உடைஞ்ச ஊசி என் குதிகால்ல ஏறிடுச்சு. அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்ததும் கை கால் ஓடல. ஐயாதான் வந்தார். தரையில உட்கார்ந்து என் காலைத் தன் மடியில வெச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, பொறுமையா அந்த ஊசியை எடுத்தார். அவர் துணியெல்லாம் என் ரத்தம். "வலிச்சா கத்து, கத்தறதுக்குக் காசா பணமா"ன்னார். இந்த நாட்டுல யாருக்கும் கிடைக்காத மடி அது. நம்ம அப்பா செத்தப்ப ஒரு சொந்தக்காரன் எட்டிப் பார்க்கல. தோள் கொடுத்தது அவர்தான்.

அந்த உப்பைத் தின்னுதான் நீ படிச்சே. அந்தப் படிப்பை வெச்சுத்தான் இன்னிக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவர் வீட்டுச் சுவத்துல காதை வைக்கற.

அது ஜன்னல் கதவு. காத்துக்கு அடிச்சிருக்கும். இல்லைன்னா காவல்காரங்க பூட்ஸ் கால். பேய் பிசாசுன்னே வெச்சுக்கோ, எனக்கென்ன. ஆனா அம்மாவை இதுல இழுக்காத. நீ சொல்றபடி பார்த்தா அம்மா யாரு? அதை யோசிச்சியா? ஐயாவை மட்டும் தனியா பிரிச்சு எடுக்க உன் கணினிக்குத் தெரியுமா?

வீடும் போகும். அம்மாவைக் கூட்டிக்கிட்டு உன் மூணாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்து நிக்கட்டுமா? இடம் இருக்கா?

இனிமே எழுதாத.

*

மார்ச் 8

அக்கா,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்காவிட்டால் போகிறது.

நீ கேட்டது சரியான கேள்வி. ஐயாவை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. எந்தப் பக்கம் வெட்டினாலும் அம்மாவின் கால் உள்ளே வந்துவிடுகிறது. நானும் உள்ளே வருகிறேன். அந்த மெஷின் சத்தத்தால்தான் எனக்குப் பள்ளியில் சம்பளம் கட்டவேண்டியிருக்கவில்லை.

கமிட்டி செயலாளர் வந்திருந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவர் காதில் ஹெட்போனை வைத்து அந்தத் தட்டலைக் கேட்கவிட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி, "அந்தக் காலத்துல கொசு அதிகம், சுவத்துல அடிச்சிருப்பாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும், "ஏம்மா, பல்லுல சிக்கினதை எடுக்கச் சொன்னா பல்லையே பிடுங்கப் பார்க்கறீங்களே. இரைச்சலை எடுக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? எடுத்துடுங்க" என்றார்.

போகும்போது வாசலில் திரும்பி இன்னொன்று சொன்னார். அந்தப் புகழ்பெற்ற பேச்சில் மட்டும் மெஷின் சத்தத்தையும் எடுத்துவிட வேண்டுமாம். மேடையில் அம்மா நேரில் மிதிக்கப்போகிறாளே, இரண்டு மெஷின் ஓடுவதுபோல் கேட்கக்கூடாது என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மெஷினை எடுத்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டிருந்தார், இருந்தும் தெரியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நாடாக்களை வருஷ வரிசையில் அடுக்கிக் கேட்டேன். முதல் வருஷத்தில் தட்டல் கதவின் நெஞ்சு உயரத்தில் கேட்கிறது. உள்ளங்கையால் அடிக்கும் சத்தம், பலகை மொத்தமும் அதிர்கிறது. அப்புறம் விரல் முட்டி. கடைசி நாடாக்களில் சத்தம் கதவின் அடிப்பலகையிலிருந்து வருகிறது. தரையில் உட்கார்ந்துகொண்டு தட்டியிருக்கிறார். அவசரமே இல்லாமல். யாரும் திறக்கப்போவதில்லை என்று தெரிந்தபிறகும் தட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிக் கேட்கும் என்று இப்போது தெரியும்.

என் வீட்டில் ஃபிரிட்ஜ் நிற்கும்போது ஒரு தரம் உதறும். அதற்குக்கூட எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். மாடிப்படியில் யாரும் இருப்பதில்லை. கதவைச் சாத்திய பிறகு, சாத்தியிருக்கக்கூடாதோ என்று தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ வேலை பார்க்கும் இடம் அது, சாவியும் உன்னிடம் இருக்கிறது. அந்த உள்ளறைக் கதவை ஒரு தரம் பார். அது விரதம் என்றால் தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கும்? பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுகிறேன்.

நீயும் அம்மாவும் என்னோடு வந்து இருப்பதென்றால் இடம் இருக்கிறது. ஹாலில் ஒரு மெஷின் போடவும்.

தங்கை

*

மார்ச் 17

குட்டி,

உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இருந்த தடம்கூட இல்ல.

வெளிப்பக்கம் புதுசா பெயின்ட் அடிச்சு வழுவழுன்னு இருக்கு. எத்தனை வருஷமா அதைத் துணியால துடைச்சிருக்கேன். அன்னிக்குத் துணி இல்லாம வெறும் விரலால தடவிப் பார்த்தேன். மேல, நிலையில, ஒரு பள்ளம். மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு மேல பெயின்ட். கீழேயும் ஒண்ணு. ஒரு கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள், ரெண்டும் வெளிய. வகுப்புக்குப் போகாம அங்கேயே உட்கார்ந்துட்டேன். பார்க்க வந்தவங்க யாரோ நான் கும்பிடறேன்னு நினைச்சு என்னைச் சுத்திக்கிட்டு மெதுவா போனாங்க.

அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போன கதையைச் சொல்லணும். பஸ் நாலு ரோட்டுல நின்னுச்சு. ஜன்னலுக்கு நேரா ஐயா சிலை, விரலைத் தூக்கிக்கிட்டு. பக்கத்துல அம்மா கால் ஆடற மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தா, பஸ் தரையில மிதிச்சுக்கிட்டிருக்கா. குதிகால், முன்கால், குதிகால், முன்கால். பஸ் கிளம்பி சிலை மறைஞ்சதும் நின்னுடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நீ கேட்கச் சொல்லல, நானாத்தான் கேட்டேன்.

"ஏம்மா மிதிச்ச?"

"விரலைத் தூக்கினாரே."

"தூக்கினா?"

"மிதிக்கணும். தட்டறது கேட்குது, மிதின்னு அர்த்தம். தூக்கலைன்னாலும், தட்டினா மிதிக்கணும்."

"அவரே அப்படிச் சொன்னாரா?"

"அவர் எங்கடி சொன்னார். அவர் வாயால ஒரு தப்பு வார்த்தை வராது. விரல்தான்."

"அந்தம்மா விரதம்தானே இருந்தாங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல தெளிவான பார்வை. "காவல் ஐயாவுக்குத்தான். அந்தம்மாவுக்கு இல்ல. அவங்க எப்ப வேணும்னாலும் வெளிய போகலாம்னுதான் துப்பாக்கிக்காரன் சொன்னான். போறேன்னாங்க. தலைவரைப் பொண்டாட்டியே விட்டுட்டுப் போயிட்டாள்னு ஊர் சொன்னா என்ன ஆகறது?" கொஞ்ச நேரம் கழிச்சு, "சாப்பாடு நான்தான் கொண்டுபோவேன். நான் ஒரு குறையும் வெக்கல, சிஸ்டர்"ன்னா. மறுபடி நான் நர்ஸ் ஆயிட்டேன்.

நாட்டுல இருக்கற அத்தனை சிலையும் நம்ம அம்மாவைப் பார்த்துத்தான் விரலைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

ஊசி எடுத்த கதையை நான் உனக்கு முழுசா எழுதல. மறைக்கணும்னு இல்ல. அது எங்கயோ உள்ள கிடந்துச்சு, அந்தக் கதவுகிட்ட உட்கார்ந்தப்பதான் மேல வந்துச்சு. ஐயா மடியில நான் கத்தினேன்ல, அப்ப உள்ளறைக் கதவுலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. மெதுவா. தொட்டில்ல போட்ட குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பாங்களே, அப்படி. நான் கத்தறதை நிறுத்திட்டுக் கேட்டேன். நான் நிறுத்தினதும் அதுவும் நின்னுச்சு. ஐயா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா போய் மெஷின்ல உட்கார்ந்தா.

என் காலை மடியில வெச்சிருந்த ஆளும் அவர்தான் குட்டி. அது பொய் இல்ல. அதை நான் என்ன செய்ய?

என்ன செய்யணும்னு என்கிட்ட கேட்காத. நீ படிச்சவ.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

மடி பொய் இல்லைதான். அதை உன்னிடமிருந்து யாரும் எடுக்கமாட்டார்கள். நானும் மாட்டேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கமிட்டி கேட்டபடி அந்தப் பேச்சிலிருந்து மெஷின் சத்தத்தை எடுத்துவிட்டேன். தட்டலை எடுக்கவில்லை. பெரிதாக்கவும் இல்லை, இருந்த அளவிலேயே இருக்கிறது. கூடப் போகும் வேலைச் சீட்டில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். செயலாளர் இனி கேட்டுப் பார்க்கமாட்டார், எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். விழா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நான் என்ன கேட்டேனோ அதைச் சொல்வேன்.

ஆனால் இது எதுவும் யாருக்கும் கேட்காமலேயே போகலாம். அம்மா மேடையில் இருப்பாள். பின்னால் விரலைத் தூக்கிய படம் இருக்கும். தட்டல் வரும், அம்மா மிதிப்பாள். ஐம்பது வருஷமாக மூடியதுபோல் இன்னொரு தரமும் மெஷின் சத்தம் அதை மூடிவிடும். அப்படி ஆனால் அதுவே அம்மாவின் பதில் என்று விட்டுவிடுகிறேன். மெஷின் ஓடாதபடி அதன் வாரை நீ கழற்றி வைக்கவும் வேண்டாம். அவள் காலில் நாம் யாரும் கை வைக்கவேண்டாம்.

வீடு போகும் என்பதை மறந்துவிட்டு இதைச் செய்யவில்லை. அதனால்தான் உன்னிடம் முன்கூட்டியே சொல்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, திரும்ப வாங்கித் துடைத்துக் கொடுத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் வேண்டாம் என்று நீ சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

விழாவுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை

*

ஏப்ரல் 19

குட்டி,

நான் எழுதல. பேனாவை எடுத்தேன், மூடினேன், எடுத்தேன். கடைசியில மெஷினுக்கு எண்ணெய் போடப் போயிட்டேன். நல்லாத்தான் போட்டேன். வாரையும் தொடல.

விழா நடந்ததை நீ பேப்பர்ல படிச்சிருப்ப. "ஒலிபரப்பில் சிறு கோளாறு"ன்னு ஒரு வரி போட்டிருந்தாங்களாம். நான் சொல்றதைக் கேளு.

மண்டபம் நிறைஞ்சு வெளிய வரைக்கும் கூட்டம். அம்மாவுக்குப் புதுத் துணி கட்டி, தலையைப் படிய வாரிவிட்டேன். மேடையில மெஷினைப் பார்த்ததும் அவ முகம் மாறிடுச்சு. என் கையை உதறிட்டு, தானே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. எல்லாரும் கை தட்டினாங்க. அவ யாரையும் பார்க்கல. பின்னாடி திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தா. விரல். மிதிக்க ஆரம்பிச்சுட்டா. நான் மேடை ஓரத்துல பக்கவாட்டுக் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அப்படியே கதவுல சாஞ்சுட்டேன். இப்பவும் சொல்றேன், அது நிம்மதியா துக்கமான்னு எனக்குத் தெரியல.

ஐயா குரல் வந்துச்சு. என்ன குரல்டி அது. நீ நல்லாத்தான் சுத்தம் பண்ணியிருக்க, எதிர்ல நின்னு பேசற மாதிரி இருந்துச்சு. முன்வரிசையில செயலாளர் கண்ணை மூடிக்கிட்டு உருகிக்கிட்டிருந்தார். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கே தட்டல் ஒண்ணும் கேட்கல. இவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

"என் வீட்டில் ஒருத்தி"ன்னார்.

அம்மா கால் வேகமாச்சு. ரொம்ப வேகம். எங்க மெஷினைக் கவிழ்த்துடுவாளோன்னு நான் ரெண்டு அடி முன்னாடி போயிட்டேன். அப்ப அவ என்னைப் பார்த்தா. என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னாடி இருந்த கதவைப் பார்த்தாளா, தெரியல. கையை எடுத்துச் சக்கரத்து மேல வெச்சா. பிரேக் போடற மாதிரி உள்ளங்கையை அழுத்தி. மெஷின் நின்னுடுச்சு.

குட்டி, அந்த மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு.

ஐயா "நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்"ங்கறார், அதுக்கு நடுவுல, டொக், டொக். அத்தனை ஸ்பீக்கர்லயும். செயலாளர் கண்ணைத் திறந்தார். கடைசி வரிசையில யாரோ எழுந்து, மண்டபத்துக் கதவைத்தான் யாரோ தட்டறாங்கன்னு திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அந்த வரிசையே திரும்பிப் பார்த்துச்சு.

அம்மா ஸ்டூலைப் பின்னால தள்ளிட்டு எழுந்தா. மேடையில யாரும் தடுக்கல. தடுக்கணும்னு யாருக்கும் தோணல போல. மெதுவா நடந்து என்னைத் தாண்டி, அந்தப் பக்கவாட்டுக் கதவுகிட்ட போனா. மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டல. நுனிக்கால்ல நின்னு எட்டினா. நான் உதவிக்குக் கையைத் தூக்கினேன், என் கையைத் தட்டிவிட்டா. தானே இழுத்தா. அப்புறம் குனிஞ்சு கீழ்த் தாழ்ப்பாள். கதவை முழுசா திறந்து, சுவரோட ஒட்டி ஒதுங்கி நின்னா, உள்ளேயிருந்து வர்றவங்களுக்கு வழி விடற மாதிரி.

வெளிய வராந்தாவும் வெயிலும்தான். யாரும் இல்ல.

"வாங்கம்மா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. யாரோ தாண்டிப் போனா திரும்பிப் பார்ப்போமே, அப்படித் தலையைத் திருப்பி வராந்தாவைப் பார்த்துக்கிட்டு நின்னா. ஒலிநாடாவை அதுக்குள்ள யாரோ நிறுத்திட்டாங்க.

சில பேர் கை தட்டினாங்க, அதுவும் நிகழ்ச்சின்னு நினைச்சு. முன்வரிசையில ஒரு வயசான அம்மா மட்டும் எழுந்து நின்னாங்க. கை தட்டல. சும்மா நின்னாங்க.

இப்ப உள்ளூர்ல நாலு விதமா பேசறாங்க. மெஷின்காரம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுங்கறாங்க. நீ பணம் வாங்கிக்கிட்டு செஞ்சேங்கறாங்க. நினைவில்லத்துல உள்ளறையை மராமத்துன்னு பூட்டிட்டாங்க, ஆனா தையல் வகுப்புக்கு வர்ற பொண்ணுங்க ஒவ்வொருத்தியா வந்து, "டீச்சர், அந்தக் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா"ன்னு கேட்கறாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ட்ரஸ்ட்லேர்ந்து தாள் வந்தாச்சு. செயலாளர் முகத்தைக் காட்டல, ஆள் விட்டு அனுப்பினார். நீ கேட்காத, நானே சொல்லிடறேன்: அழுதேன். அப்புறம் சாமானை ஏறக்கட்ட ஆரம்பிச்சுட்டேன். ஐயா படம் ஒண்ணு இருக்கு கூடத்துல. கழட்டி, மறுபடி மாட்டி, மறுபடி கழட்டி, துணிக்கு நடுவுல வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. மாட்டவும் வரல.

தாளைக் கொண்டுவந்த ஆள் கதவைத் தட்டினான். நான் அடுப்படியில கை நிறைய சோப்பு நுரையோட நின்னுக்கிட்டு, மெஷின் சத்தம் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். வரல. எட்டிப் பார்த்தா அம்மா கதவுகிட்ட நிக்கறா, தாழ்ப்பாள்ல கை வெச்சு.

நீ வா. சாமான் கட்ட ஒரு கை குறையுது. வந்ததும் போன்ல கூப்பிடாத, என் பேரைச் சொல்லியும் கத்தாத. தட்டு. நான் எழுந்து வரமாட்டேன்.

அம்மா திறப்பா.

அக்கா